கினி பிக் படுக்கை: துவைப்பது ஈஸி... காயவைப்பதில்தான் இருக்கிறது சவால்!

நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்காத வாடகை வீட்டில்கூட கினி பிக் வளர்க்க முடிகிறது. ஒரு ஜோடி, ஓரளவு பெரிய கூண்டு, எப்போதும் உலர்ந்த புல், வைட்டமின் சி-க்காகக் கொஞ்சம் குடைமிளகாய். கணக்கு இடிப்பது படுக்கையில்தான். மரத்தூள், காகிதத்தூள் எல்லாம் வாராவாரம் காசு கொடுத்து வாங்கி, குப்பையில் கொட்ட வேண்டியவை. அதனால் பலர் ஃப்ளீஸ் துணிக்கு மாறுகிறார்கள். துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம்.

ஆனால் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இதற்கு மூன்று இடைஞ்சல்கள் இருக்கின்றன: உப்புத்தண்ணீர், ஈரக்காற்று, ஆலைத் தூசி.

*ஃப்ளீஸ் எப்படி வேலை செய்கிறது?*

குளிர்கால உடைகளுக்காக அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் நிறுவனம் 1979-ல் உருவாக்கிய பாலியஸ்டர் துணி இது. பருத்திபோல இதன் இழை தண்ணீரைக் குடிக்காது. இழைகளுக்கு இடையே கீழே இறக்கிவிடும். எனவே ஃப்ளீஸை மட்டும் விரித்தால் பயனில்லை. அடியில் தடிமனான டவல்போல உறிஞ்சும் துணி ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடையில் வாங்கிய புதுத் துணியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று கீழே இறங்கினால் ரெடி. நின்றால், இன்னொரு முறை துவைக்க வேண்டும்.

*ஈரம் இருந்தால் என்ன ஆகும்?*

கினி பிக்கின் உள்ளங்காலில் ரோமம் கிடையாது. ஈரத்துணியிலேயே நின்றால் தோல் சிவந்து, வெடித்து, பாதப் புண் ஆகும். முற்றினால் எலும்பு வரை போகும். சிறுநீர் சிதைந்து உருவாகும் அமோனியா மூச்சுக்குழாயை அரிக்கும். அதன் மூக்கு இருப்பதே படுக்கை மட்டத்தில்தானே! பின்பகுதி ரோமம் நனைந்து கிடந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். படர்தாமரை வந்தால் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் தொற்றும்.

காட்டில் வேட்டையாடப்பட்ட இனம் என்பதால் வலியை வெளியே காட்டாது. நமக்குத் தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும்.

*துவைப்பது எப்படி?*

புழுக்கை, புல்லைத் தினமும் கூட்டி எடுங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள். துவைக்கும் முன் நன்றாக உதறி, ஒட்டியிருக்கும் ரோமத்தை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மெஷின் ஃபில்டரில்தான் போய் அடைக்கும். ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டுத் துவைத்தால் மெஷினுக்கும் நல்லது. மனிதர் துணியோடு சேர்க்காதீர்கள்.

வாசனை இல்லாத லிக்விட், வழக்கமான அளவில் பாதி போதும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து, தண்ணீர் இறங்கும் வழியை அடைத்துவிடும்.

*போர் தண்ணீர் என்றால்?*

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது பல காலமாகத் தெரிந்த பிரச்சினை. கடினத்தன்மையுள்ள தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. மிச்சம் துணியிலேயே தங்கும். கினி பிக்கின் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் வெள்ளைத் திட்டுகளும் படியும். இரண்டுக்கும் ஒரே மருந்து வினிகர். முதல் அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் சேருங்கள். அதன்பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். முடிந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை: வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும்.

*காயவைப்பதில் என்ன சிக்கல்?*

ஃப்ளீஸ் சீக்கிரம் காய்ந்துவிடும். அடியில் போடும் டவல்தான் காயாது. ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒரு முழு நாள் கொடியில் தொங்கினாலும் நடுவில் ஈரம் இருக்கும். இரண்டையும் சேர்த்துத் தைத்த ரெடிமேட் விரிப்பு என்றால் இன்னும் மோசம். மேலே தொட்டால் காய்ந்ததுபோலவே தெரியும், உள்ளே பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும். எனவே இரண்டும் தனித்தனியாக இருப்பதே நல்லது.

மெஷினில் இரண்டாவது முறை ஸ்பின் போட்டு எடுங்கள். மடிக்காமல் ஒற்றையாக, ஒன்றோடு ஒன்று உரசாமல் தொங்கவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று சந்தேகமா? டிஷ்யூ பேப்பரை வைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள். பேப்பர் துளி நமத்தாலும் விரிக்கக் கூடாது. அவசரத்துக்கு அயர்ன் பாக்ஸ் வைத்தால் இழை உருகிவிடும்.

இரும்பு, எஃகு ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மொட்டை மாடியில் போட்டால் கரித்தூசி படியலாம். காலையில் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய் ராத்திரி எடுத்தால் பனியும் இறங்கியிருக்கும். காலை வெயிலில் சில மணி நேரம் போட்டு, மீதியை வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் காயவைப்பது பாதுகாப்பு. ஆனால் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். அங்கே ஈரப்பதம் ஏறும். உதறிவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

*எத்தனை செட் வேண்டும்?*

கூண்டில் ஒன்று, கொடியில் ஒன்று, அலமாரியில் ஒன்று. மழைக்காலத்துக்கு நான்காவதாக ஒன்று இருந்தால் நிம்மதி.

*டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?*

உள்ளங்காலை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிவப்பு, வீக்கம், வட்டமாக ரோமம் உதிர்வது, மூக்கொழுகல், மூச்சிரைப்பு தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே எமர்ஜென்சிதான். எல்லா கால்நடை மருத்துவர்களும் கினி பிக் பார்ப்பதில்லை. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னை வேப்பேரியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான்.

துணி எதுவுமே காயாத நாளில் என்ன செய்வது? பழைய பருத்தி டவலை விரித்து, காலையும் மாலையும் மாற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஃப்ளீஸைவிட அதுவே மேல்.