தாத்தா கார்... 18 சென்டிமீட்டரில்!

ஊர்ல தாத்தா வீட்டு வேப்பமரத்தடியில ஓர் அம்பாஸடர் தூங்குதா? காயலான் கடைக்காரர் வர்றதுக்குள்ள டேப்போட கிளம்புங்க பாஸ்! 2014-லேயே உற்பத்தி நின்னுபோன வண்டி அது.

மாடல் பிரியர்களுக்குப் பிடிச்ச அளவு, 24-ல் ஒரு பங்கு. சுமார் 4.3 மீட்டர் நீளம், 18 சென்டிமீட்டராச் சுருங்கிடும். சன் போர்டுல உடம்பை வெட்டிடலாம். ஆனா, அந்த உருண்டை பானெட்டும் தொப்பிக் கூரையும் இருக்கே... எம்-சீல் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே விரல் தேய்ஞ்சிடும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினா, நிஜத்தில் 24 மில்லிமீட்டர்!

பெயின்ட்? கதவிடுக்கில் வெயில் படாம ஒளிஞ்சிருக்கும் பாருங்க, அதான் ஒரிஜினல் கலர். இடது மட்கார்டு நசுங்கலையும் விட்டுடாதீங்க. அது எப்படி வந்துச்சுனு தாத்தாகிட்டயே கேளுங்க... பாட்டி பக்கத்துல இல்லாதப்போ!