போக்கரில் இடப் பாதகமும் தொடக்கச் சீட்டுத் தேர்வும்

டெக்சாஸ் ஹோல்டம் வகைப் போக்கரில், பொதுச் சீட்டுகள் விரிக்கப்பட்ட பின் எதிராளிக்கு முன்னதாகவே முடிவெடுக்க வேண்டியவர் இடப் பாதகத்தில் இருப்பவர் எனப்படுகிறார். டீலர் பொத்தானுக்கு இடப்பக்கம் முதலில் அமரும் சிறிய பிளைண்ட் ஆட்டக்காரருக்கு இது வழக்கமான நிலை. இருவர் மட்டும் ஆடும்போது பொத்தானை வைத்திருப்பவரே சிறிய பிளைண்டையும் கட்டுவதால், அங்கே பாதகம் பெரிய பிளைண்டுக்குப் போய்விடுகிறது.

ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. சம மதிப்புள்ளவற்றை ஒன்றாகக் கொண்டால் 169 வகைகள். டேவிட் ஸ்க்லான்ஸ்கியும் மேசன் மால்முத்தும் 1988இல் வெளியிட்ட நூலில் ஆடத்தக்கவற்றை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, முன்வரிசை இருக்கைகளில் குறைவான குழுக்களையே ஆடப் பரிந்துரைத்தனர். காரணம் எளியது. பின்னால் ஆடுபவர் முன்னவரின் செயலைப் பார்த்த பிறகே தன் பணத்தை வைக்கிறார். முன்னவர் செக் செய்தால், அவர் பந்தயம் கட்டலாம். அல்லது தானும் செக் செய்து அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். வலுவான கையை வைத்துக்கொண்டு எதிராளி பந்தயம் கட்டட்டும் என்று காத்திருந்தவருக்கு அந்தச் சுற்றில் ஒன்றும் சேராது.

பாதகம் எல்லாக் கைகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. அதிகம் அடிவாங்குபவை, வெவ்வேறு இனத்து ராஜா–ஜாக்கி போன்ற, பார்வைக்கு அழகான நடுத்தரக் கைகள். முன்வரிசையிலிருந்து ஒருவர் பந்தயத்தை உயர்த்தினால், அவரிடம் ஏஸ்–ராஜா இருக்கும் வாய்ப்பு கணிசமானது. அதற்கு எதிராக ராஜா–ஜாக்கி வெல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு முறைதான். மேசையில் ராஜா விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். தோற்கும் கையை விட மனம் வராது. ஒரே இனத்து அடுத்தடுத்த சீட்டுகள் இவ்வகையில் ஏமாற்றுவது குறைவு. சிறிய ஜோடிகளுக்கு முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மூன்றாவது சீட்டு சேர்வது சுமார் 8.5 முறைக்கு ஒருமுறையே. சேர்ந்தாலும், முதலில் ஆடுபவரால் பெரும்பணம் வாங்குவது கடினம் என்பதால், பெரிய தொகைக்கு அவற்றைத் தொடர்வது நட்டத்தில் முடியும்.

பிளைண்டுகளில் கணக்கு வேறுபடும். பிளைண்டுகள் 50, 100 என்றும் பொத்தானில் இருப்பவர் 250க்கு உயர்த்தினார் என்றும் கொண்டால், பானையில் 400 இருக்கும். சிறிய பிளைண்ட் விலகியபின் பெரிய பிளைண்ட் 150 மட்டும் சேர்த்தால் போதும். சுமார் 27 விழுக்காடு வெற்றி வாய்ப்பே அதற்கு ஈடாகும். ஆனால் பாதகமான இடத்தில் ஆடுபவர் இடையிலேயே சீட்டை விட நேர்வதால், தாளில் 27 விழுக்காடு காட்டும் கை நடைமுறையில் அதை ஈட்டித் தராது. இருந்தாலும் விலை மலிவு என்பதால் பெரிய பிளைண்ட் பல கைகளைக் காக்கலாம். சிறிய பிளைண்டோ 200 கட்ட வேண்டும். தேவை 33 விழுக்காடு. பின்னால் இன்னொருவர் மீண்டும் உயர்த்தவும் காத்திருக்கிறார். அதனால் பல ஆட்டக்காரர்கள் அங்கே வெறுமனே ஈடு கட்டுவதைக் குறைத்து, மறு உயர்வு அல்லது விலகல் என்ற இரண்டையே பெரும்பாலும் கையாள்கின்றனர். ஏற்கெனவே கட்டிவிட்ட 50ஐக் காப்பாற்றவே 200 கட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. அந்த 50 இப்போது பானைக்கு உரியது, கட்டியவருக்கு உரியதல்ல.