பாம்புக்கடி – முதலுதவி

பாம்பு கடித்தவரை மருத்துவமனையில் சேர்க்கும் வரை, நஞ்சு பரவுவதைத் தாமதப்படுத்தவும் வேறு தீங்கு நேராமல் காக்கவும் செய்யும் உதவியே பாம்புக்கடி முதலுதவி ஆகும். நஞ்சை முறிப்பது முதலுதவியின் வேலை அன்று. அதை மருத்துவமனையில் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து மட்டுமே செய்யும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். ஊத்துக்கோட்டை போன்ற, நெல்வயலும் ஆற்றங்கரையும் சூழ்ந்த ஊர்களில் இதை அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

நான்கு முக்கியப் பாம்புகள்

நாகம், கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் திணறும். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். அப்போது வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, இமையும் தொங்கினால் பாம்புக்கடியோ என்று ஐயப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லி, அசையாமல் படுக்க வைக்கவும். நடக்கவோ ஓடவோ விடக்கூடாது.
2. மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை அகற்றவும்.
3. கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் குச்சி வைத்து, இறுக்காமல் கட்டவும்.
4. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.
5. 108 அவசர ஊர்தியை அழைக்கவும். அது வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் புறப்படவும். இருசக்கர வண்டி மட்டுமே இருந்தால், ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் அவரை உட்கார வைக்கலாம்.
6. வாந்தி எடுத்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கவும்.

செய்யக் கூடாதவை

கயிற்றால் இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கை, காலையே இழக்க நேரிடும். ஏற்கெனவே கட்டியிருந்தால் மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல் கூடாது. பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ நேரம் செலவிட வேண்டாம். அறிகுறிகளையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டே மருத்துவர் சிகிச்சை அளிப்பார்.

மந்திரமும் பச்சிலையும்

இவற்றால் பிழைத்தவர்கள் உண்டே என்று பலர் கேட்பர். கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நச்சுப்பாம்பும் சில நேரம் நஞ்சைச் செலுத்தாமல் கடிக்கும். அவ்வாறு கடிபட்டவர் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பார். நஞ்சு ஏறியவருக்கோ அங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு.

நஞ்சுமுறி மருந்து

மேற்கண்ட நான்கு பாம்புகளின் நஞ்சையும் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து இம்மருந்து தயாரிக்கப்படுகிறது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதியை, 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

தடுப்பு

இரவில் கைவிளக்குடன் நடத்தல், வயலில் காலணி அணிதல், கட்டிலில் கொசுவலை கட்டிப் படுத்தல், வீட்டருகே விறகும் குப்பையும் சேராமல் பார்த்தல் ஆகியவை பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கும்.