கடற்காற்றில் கலந்து வரும் சோப்புத்தன்மைப் பொருள்கள்: நுரையீரல் நோயாளிகள் அறிய வேண்டியவை

"கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் குடியிருக்கிறோம். நாள் முழுவதும் காற்று வீசுகிறது. அப்படியிருந்தும் எனக்கு ஏன் இழுப்பு வருகிறது?" பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ ஊர்களிலிருந்து எமது நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வருவோர் கேட்கும் கேள்வி இது. கடற்காற்று போதும் என்று நம்பி இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மூச்சுத்திணறலோடு திரும்பி வருவோரும் உண்டு. ஆகவே, காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் அதிகம் பேசப்படாத ஒரு கூறினைப் பற்றி இவ்விதழில் விளக்குகிறோம்.

பரப்பு இயங்கு பொருள்கள் என்பவை யாவை?

நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொள்கிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்பர். சோப்பு கரைந்தால் இவ்விழுவிசை குறைகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விலக்கி எண்ணெயை நாடும். இத்தகைய இருமுனைப் பொருள்களையே பரப்பு இயங்கு பொருள்கள், அதாவது சர்ஃபாக்டன்ட், என்கிறோம். சலவைத்தூள் மட்டுமன்று; அழுகும் பாசியும், விறகுப் புகையும், வாகனப் புகையும் இவற்றை உண்டாக்குகின்றன.

நம் உடலிலும் இப்பொருள் உண்டு. நுரையீரலில் உள்ள கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் உட்புறத்தில் ஈரப்படலம் ஒன்று இருக்கிறது. மூச்சை வெளிவிடும்போது அவ்வீரத்தின் இழுவிசையால் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி, நுரையீரலே சர்ஃபாக்டன்ட்டைச் சுரந்து காக்கிறது. குறைமாதக் குழந்தைகள் சிலர் மூச்சுவிடத் திணறுவதற்கு இச்சுரப்பின் குறைவே காரணம் என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் ஆகியோர் எடுத்துக்காட்டினர். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா, அதனை வெளியிலிருந்து செலுத்திக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த செய்தியை வெளியிட்டார். இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது வழக்கமான மருந்து.

இவை காற்றில் ஏறுவது எவ்வாறு?

அலை உடையும்போது நீருக்குள் காற்று புகுந்து குமிழிகளாகிறது. குமிழி மேலெழும் வழியில் நீரிலுள்ள பரப்பு இயங்கு பொருள்களைத் தன் சுவரில் சேர்த்துக்கொள்கிறது. மேற்பரப்பில் அது வெடிக்கும்போது, உப்போடு அப்பொருள்களும் நுண்துளிகளாய்த் தெறிக்கின்றன. துளியின் நீர் வற்றியபின் எஞ்சும் துகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. தூய கடலிலும் இது இயற்கையாக நிகழ்வதே. கழிவுநீர் கலந்த கடலில் சலவைப் பொருள்களும் உடன் வருகின்றன.

இத்தாலியின் பீசா நகருக்கு அருகிலுள்ள சான் ரோஸோரே கடற்கரையில், கடலை நோக்கிய பைன் மரங்கள் பட்டுப்போயின. உப்புக்காற்றைத் தாங்கி வளர்ந்த மரங்கள் அவை. ஆற்றின் வழியே கடல் சேர்ந்த சலவைப் பொருள்கள் கடல்தெறிப்போடு வந்து இலையின் மெழுகுக் காப்பைச் சிதைத்ததால், உப்பு உள்ளே புகுந்ததென ஆய்வாளர் கண்டனர்.

நம் கரையிலும் 2019 நவம்பர் இறுதியில், மழைக்குப் பின் சென்னை மெரினாவில் வெண்ணுரை குவிந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். குழந்தைகள் அதில் விளையாடினர். எல்லாக் கடல் நுரையும் நஞ்சன்று. பாசியாலும் நுரை உண்டாகும். ஆயினும் கண்ணால் பார்த்து வேறுபாடறிய இயலாது.

ஆய்வு செய்வது எவ்வாறு?

காற்றை விசைக்குழாயால் இழுத்து வடிதாளில் துகள்களைச் சேர்க்கின்றனர். வடிதாளை நீரில் அலசி, அந்நீரில் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைச் சேர்க்கின்றனர். எதிர்மின்சுமையுள்ள சர்ஃபாக்டன்ட் சாயத்தோடு இணைந்து குளோரோஃபார்முக்குள் இறங்குகிறது. அந்நீலத்தின் அடர்த்தி அதன் அளவைக் காட்டுகிறது.

நுரையீரலுக்கு என்ன நேரும்?

2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுண்ணறை வரை செல்ல வல்லவை. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். துகளிலுள்ள பரப்பு இயங்கு பொருள், நீரில் எளிதில் கரையாத புகை நச்சுகளைக் கரையச் செய்கிறது. புகைத் துகள்கள் நுரையீரலின் சொந்தப் படலத்தின் திறனைக் குறைப்பதும் ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டுள்ளது. ஆகவே கடற்காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதனை மருந்தாகக் கருதுவதும் தவறு. உங்கள் நுரையீரலுக்கு மிக அருகிலுள்ள ஆபத்து, பெரும்பாலும் கடலைவிட அடுப்படியில் இருக்கிறது.

தென்கொரியாவில் ஈரப்பதமூட்டும் கருவியின் நீரில் கலந்த கிருமிநாசினியே பலரின் நுரையீரலைச் சிதைத்தது என 2011-இல் கண்டறியப்பட்டது. தரையிலும் பாத்திரத்திலும் தீங்கின்றிப் பயன்படும் பொருள், நுண்துளியாகி நெஞ்சுக்குள் சென்றால் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கடற்காற்றை நம்பி இன்ஹேலரைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். எங்களைக் கேட்டபின் மாற்றுங்கள்.

• நெபுலைசரில் மருத்துவர் எழுதித்தந்த மருந்தைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ஆவி பிடிக்கும் நீரில் கிருமிநாசினி சேர்க்காதீர்கள்.

• பிளீச்சிங் பவுடரையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும். தெளிப்பான்களைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

• விறகு எரிப்பதையும் கொசுவுக்கு மூட்டம் போடுவதையும் மூடிய வீட்டுக்குள் தவிருங்கள். குழந்தைகளும் மூச்சு நோயாளிகளும் அப்புகையில் இருக்கலாகாது.

• கரையில் நுரை குவிந்திருந்தால் குழந்தைகளை விலக்கி வையுங்கள். பட்டுவிட்டால் நல்ல நீரில் கழுவுங்கள்.

• புகை மிகுந்த இடத்தில் துணி முகக்கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 கவசமே உதவும்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடனடி நிவாரண இன்ஹேலரை எடுத்தும் திணறல் தணியாவிட்டாலோ, விடியட்டும் என்றோ படகு கரை திரும்பட்டும் என்றோ காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அடுத்த முறை வரும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுவாருங்கள். அதனைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா என்று உங்களோடு சேர்ந்து பார்ப்போம்.