மழலையரின் விளையாட்டு மூலை

மண்ணில் சோறாக்கி, இலையில் பரிமாறி, "சாப்பிட வாங்க" என்று அழைக்கும் சிறுமியை அறியாதவர் யார்? திண்ணையில் நாம் ஆடிய இந்தப் பாவனை விளையாட்டுக்கு மழலையர் வகுப்பிலும் ஓர் இடம் உண்டு. பாய், அலமாரி, சில பொருள்கள், அவ்வளவுதான். அந்தச் சிறு மூலை விளையாட்டை எவ்வாறு மாற்றுகிறது என்று பார்ப்போம்.

ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபெல், தாம் 1837-இல் தொடங்கிய பள்ளிக்கு 1840-இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். விளையாட்டே குழந்தையின் கல்வி என்பது அவர் கொள்கை. 1907-இல் ரோமில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரோ, பொம்மைகளைவிட உண்மையான வேலையையே குழந்தைகள் விரும்புவதாகக் கண்டார். ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி 1933-இல் ஆற்றிய உரையில், பாவனை விளையாட்டில் குழந்தை தன் வயதை மீறி உயர்ந்து நிற்கிறது என்றார். உண்மைதான். ஓரிடத்தில் நில்லாத சுட்டிப் பையன்கூட 'நோயாளி' ஆகிவிட்டால் அசையாமல் படுத்திருக்கிறான் அல்லவா?

மூலையில் வைக்கும் பொருள்களே பெரும்பாலும் விளையாட்டைத் தீர்மானிக்கின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு டம்ளரைப் போலவே இருக்கும் டம்ளர் வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கோ ஒரு மரக்கட்டையே டெலிபோன் ஆகிவிடும். ஆகவே துணி, அட்டைப்பெட்டி, கொட்டாங்குச்சி போன்றவையும் அங்கே இருப்பது நல்லது. தாளும் பென்சிலும் இருந்தால், எழுத்தறியாத பிள்ளையும் 'மருந்துச் சீட்டு' கிறுக்கத் தொடங்கிவிடும்.

நான் மழலையர் வகுப்பில் படித்தபோது எங்கள் மூலையில் செப்புச் சாமான்கள் மட்டுமே இருந்தன. சிறுமியர் சமைத்தோம், சிறுவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இன்று என் தங்கையின் வகுப்பில் அதே மூலை மளிகைக் கடையாகிவிட்டது. ஒரு தராசு, புளியங்கொட்டை, காலி டப்பாக்கள். ஒரு பையன் பொட்டலம் மடிக்கிறான். வகுப்பில் வாயே திறவாத ஒரு சிறுமி கல்லாவில் அமர்ந்து, "சில்லறையாக் கொடுங்க" என்று அதட்டுகிறாள்! மூலை மாறவில்லை, பொருள்கள் மாறின. அவளுக்குக் குரல் கிடைத்தது.

அன்புத் தோழியரே, மழலையர் வகுப்பில் உதவச் செல்லும்போது வீட்டில் கிடக்கும் டப்பாக்களையும் பழந்துணிகளையும் சுத்தம் செய்து எடுத்துச் செல்லுங்கள். ஆனால் "நீ சமை, நீ பஸ் ஓட்டு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் குழந்தைகளே முடிவு செய்யட்டும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு