கைக்கூலியும் நீதிமன்றமும்

நாட்டின் நலம் நீதியைப் பொறுத்தது. அந்நீதி விலைப்படுமாயின் வறியோர்க்குப் புகலிடம் யாது? பரிதானம் வாங்கலாகாதென மோசேயின் நியாயப்பிரமாணம் பண்டே விதித்தது. எனினும் விதியொன்றே இத்தீமையை ஒழித்திலது. அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

வழக்கு எந்நாள் விசாரணைக்கு வரும், நகல் எப்பொழுது கிடைக்கும், தீர்ப்பில் யாது எழுதியுளது என்பவற்றை வழக்காடுவோன் தானே அறிய இயலாதபொழுது, அறிந்தவன் அவ்வறிவை விற்கத் தொடங்குகிறான். அறியாமையும் காலதாமதமுமே கைக்கூலி செழித்து வளரும் நிலமாம்.

இதனை நன்குணர்ந்தவர் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கிய அப்பெரியார், 1859-ம் ஆண்டில் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்தார். கடிந்ததனோடு அமையாது, ஆங்கிலத்திலிருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் வெளியிட்டார். சட்டம் மக்கள் மொழியில் விளங்கவேண்டுமென்பதே அவர் கருத்து.

இக்கருத்து நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக்குப் பெரிதும் பொருந்தும். வயலும் ஏரியும் சூழ்ந்த இவ்வூர்களில் இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் மல்கியுள்ளன. நிலத்திற்கு ஈடு கோரும் உழவரும், ஊதியமோ விபத்து இழப்பீடோ வேண்டும் தொழிலாளரும் நீதிமன்றப் படியேற நேர்கிறது. தொழிலாளருட் பலர் தமிழறியாப் பிற மாநிலத்தார். ஒருநாள் வாய்தாவுக்கு ஒருநாட் கூலியை இழக்கும் இவர்கள் தரகர் கையில் எளிதில் அகப்படுவர்.

இவர்க்கு அரணாவன சில அபிவிருத்தித் திட்டங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையிலுள்ளது. அதன்படி மாதரும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும், வருமானம் எத்துணையாயினும், கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். 1976-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கீழ்நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் வகுத்தது. 2007-ல் தொடங்கிய மின் நீதிமன்றத் திட்டத்தால் வாய்தா நாளையும் தீர்ப்பையும் கைப்பேசியிலேயே காணலாம். அதன் மூன்றாங் கட்டத்துக்கு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஆயினும் கருவி தானே நீதி செய்யாது. நீதிபதி இடங்கள் வெறுமையாயிருப்பின் தாமதம் நீங்காது. உரிமையை அறியாதவன் அதனைக் கேட்கவும் மாட்டான். தமிழ் பயிலும் நாம் சட்டச் சொற்களை எளிய நடையில் எடுத்துரைத்தலும், எழுத்தறியார்க்கு விண்ணப்பம் வரைந்து கொடுத்தலும் செய்தற்கரியவல்ல. வேதநாயகர் தொடங்கிய பணியில் ஒரு சிறு பங்கேனும் நமதாகுக.