சுழிப்பைத் தாண்டும் பத்து நொடி

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் அமைதியாக இருக்கும் இடத்தில் பரிசல்காரர் பேசிக்கொண்டே துடுப்பு போடுவார். பாறை இடுக்கில் ஆறு இழுக்கத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். உடம்பை முன்னால் சாய்த்து, துடுப்பை ஆழமாக இறக்கி, தன்னை நோக்கி வலிப்பார். வட்டமான பரிசலுக்கு முனை கிடையாது. கை சற்று ஓய்ந்தாலும் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தப் பத்து நொடிக்குள் அவர் தோளுக்கு வரும் பலம் எங்கிருந்து வருகிறது?

காலையில் சாப்பிட்ட களியிலிருந்து நேராக வருவதில்லை. இழுக்கும் மூச்சும் அவ்வளவு விரைவில் உதவிக்கு வராது. தசைநார் சுருங்கும்போது நேரடியாகச் செலவாவது ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. தசையில் அதன் இருப்பு மிகக் குறைவு. முழு வேகத்தில் உழைத்தால் இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். ஆகவே செலவாகச் செலவாக அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் கைகொடுப்பது கிரியாட்டின் பாஸ்பேட். தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து, கண நேரத்தில் ஏ.டி.பி.யை மீட்டுத் தருகிறது. சுமார் பத்து நொடி தாங்கும். சுழிப்பைத் தாண்ட அது போதும்.

கிரியாட்டின் பாஸ்பேட்டைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, ஒரு திரவத்தில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அதே சோதனையைத் தசைச் சாற்றில் செய்தபோது, உடனே வர வேண்டிய நீலம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. பிழை என்று ஒதுக்கிவிடாமல் தோண்டிப் பார்த்தார்கள். உடைந்து உடைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் ஒரு பொருள் தசைக்குள் இருந்தது. 1927-ல் அதை அறிவித்தார்கள். தசை உழைத்தால் அது குறைந்தது, ஓய்வில் மீண்டும் ஏறியது. 1929-ல் ஏ.டி.பி.யையும் தனியே பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடித்தார். நம் பள்ளிப் பாடத்தில் ஏ.டி.பி. வரும் பக்கத்திலேயே சுப்பாராவின் பெயரும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கண்டுபிடிப்புகள் வரும்வரை, தசையைச் சுருங்க வைப்பதே லாக்டிக் அமிலம்தான் என்று பெரிய விஞ்ஞானிகளே நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை சரிந்தது.

எதிர்நீச்சல் பத்து நொடியைத் தாண்டி நீண்டால், தசை தன்னிடம் சேமித்த சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு மூன்று ஏ.டி.பி.தான் கிடைக்கும். ஆனால் வேகமாகக் கிடைக்கும். அப்போது உண்டாவதுதான் லாக்டேட். நிதானமாகத் துடுப்பு போடும்போது ஆக்சிஜனோடு அதே குளுக்கோஸ் முழுவதும் எரிந்து, சுமார் முப்பது ஏ.டி.பி. தரும். மூன்று வழிகளும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். எது முந்துகிறது என்பதுதான் வேலைக்கு ஏற்ப மாறும்.

ஒகேனக்கல் என்றாலே எண்ணெய் மசாஜும் நினைவுக்கு வரும். தேய்த்துவிட்டால் தேங்கிய லாக்டிக் அமிலம் இறங்கிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். லாக்டேட்டுக்கு அந்த உதவி தேவையில்லை. அதை இதயம் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக மாற்றுகிறது. இதைக் காட்டிய கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. கடுமையாக உழைத்து ஓய்ந்தாலும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் தொடையில் எடுக்கும் வலி வேறு. பழக்கமில்லாத உழைப்பில், குறிப்பாகப் படியிறங்குவது போன்ற வேலையில், தசைநார்களுக்குள் ஏற்படும் நுண்ணிய காயங்கள் அதற்குக் காரணம். மசாஜ் அந்த வலியைச் சற்றுத் தணிக்கும், உடம்புக்கும் இதமாக இருக்கும். செய்துகொள்ள அது போதுமான காரணம்.

பாறைகளில் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் சட்டென்று உட்கார்ந்துவிடாமல் மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். லாக்டேட் விரைவாகக் குறையும். நெஞ்சில் வலியோ அழுத்தமோ தெரிந்தால் மட்டும் உடனே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.